பட்டம் பதில் சொல்லாது

கனடாவிலிருந்து லீவில் வந்த அக்கா ஒருவர் போன கிழமை கேட்டார், "தம்பி, ஜன்னலால பார்க்க மற்றப் பிளேன் எங்களுக்குக் கீழால உரசிற மாதிரிப் போச்சு, அது சரியோ?" விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவன் நான். சரிதான் அக்கா என்றேன். அவர் கண்டது அநேகமாக 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீற்றர் கீழே போன விமானம். மரமோ வீடோ இல்லாத வானத்தில் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது.

பக்கவாட்டில் என்றால், ராடார் பார்வையுள்ள வான்வழிகளில் வழக்கமான இடைவெளி 5 கடல் மைல், 9 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பெரிய தூரம் போலத் தெரியும், ஆனால் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு ஜெட் விமானங்களுக்கு அது 18 செக்கன்தான். அதனால்தான் பொதுவாகக் கிழக்கே போகிறவை 35,000, 37,000 அடி என்று ஒற்றைப்படை ஆயிரங்களிலும் மேற்கே போகிறவை இரட்டைப்படையிலும் பறக்கின்றன. உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்தே அளக்கிறார்கள். மேலே போனதும் எல்லா விமானிகளும் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே காற்றழுத்த அளவுக்கு மாற்றிவிடுவார்கள். காட்டும் உயரம் உண்மையிலிருந்து விலகினாலும் அங்குள்ள எல்லோருக்கும் ஒரேயளவில் விலகும், இடைவெளி குலையாது.

அதையும் மீறி ஏதும் பிழைத்தால் விமானத்திலேயே டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறது. அது பக்கத்து விமானத்தைக் கேட்கும், அதன் டிரான்ஸ்பொண்டர் பதில் சொல்லும், மோதும் போலிருந்தால் ஒன்றை ஏறச் சொல்லி மற்றதை இறங்கச் சொல்லும். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் அருகே, கருவி ஏறச் சொன்ன விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், விமானியும் இறங்கினார், மற்ற விமானமும் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள், அதில் பலர் பிள்ளைகள். இன்று கருவி ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால், விமானி கருவியைத்தான் கேட்கவேண்டும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

இத்தனையும் பதில் சொல்லும் விமானங்களுக்குத்தான். பட்டம் பதில் சொல்லாது, என் திரையிலும் தெரியாது. வாடைக்காற்றில் கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும், கட்டிய விண் நார் கூவ, ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஏற்றவேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் வழக்கமான 3 பாகைச் சரிவில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம், ஓடுபாதைக்கு 2 கி.மீ. முன்னால் ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில்தான் வரும். நல்ல பட்டம் அதையும் தாண்டி நிற்கும். மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் பக்கத்துப் பிள்ளைகள் தயவுசெய்து பட்டத்தைத் தூர வெளிகளுக்குக் கொண்டுபோய் ஏற்றுங்கள். இரவில் வெளிச்சம் பூட்டி மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். நூல் அறுந்து ஓடுபாதைப் பக்கம் போனால் பின்னால் ஓடாமல் உடனே பொலிஸுக்குச் சொல்லுங்கள்.