கண்ணாடி எந்தப் பக்கம் வியர்க்கிறது?

போன வருடம் தீபாவளிக்குச் சாமான் வாங்க கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தோம். வீட்டில் ஐந்து பேர், ஒரு சின்ன கார். கடையிலிருந்து காருக்கு ஓடி வருவதற்குள் மழை எல்லாரையும் தொப்பலாக நனைத்துவிட்டது. பின் சீட்டில் அம்மா, "குளிருதுப்பா, ஏர்கோன அடை" என்றார். அடைத்தேன். ஜாலான் துன் சம்பந்தனைத் தாண்டுவதற்குள் முன் கண்ணாடி பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. துணியால் துடைத்தால் அரை நிமிடத்தில் மறுபடி வெளுத்தது. சரி என்று ஏர்கோனைப் போட்டு, குளிரைக் கடைசி வரை திருப்பி, காற்று முழுவதையும் கண்ணாடிப் பக்கம் விட்டேன். இரண்டு நிமிடத்தில் பளிச்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறியபோது மழை விட்டிருந்தது, வைப்பரை நிறுத்தினேன். பெட்டாலிங் ஜெயா வருவதற்குள் கண்ணாடி மறுபடி வெளுத்தது. இந்த முறை எவ்வளவு துடைத்தும் போகவில்லை. இன்னும் குளிரைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இடது பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி கையை நீட்டி வைப்பர் தண்டை ஒரு தட்டுத் தட்டினார். ஒரே வீச்சில் ரோடு தெரிந்தது. நான் உள்ளே துடைத்துக்கொண்டிருந்த ஈரம் வெளியே இருந்தது.

இரண்டு வெளுப்பும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்துதான் நேர் எதிர்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 30 கிராம் நீராவி இருக்கலாம். அதே காற்றை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் 17 கிராம்தான். மிச்சம் 13 கிராம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். பக்கத்தில் குளிர்ந்த பரப்பு இருந்தால் அதன்மேல் இறங்கும். காற்று இப்படி நீரைக் கைவிடத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். கண்ணாடியின் வெப்பம் அந்த எண்ணுக்குக் கீழே போனால், அதைத் தொடும் காற்றின் நீராவி கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாகப் படியும். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குச் சிதறடிப்பதால் கண்ணாடி வெள்ளையாகத் தெரிகிறது.

முதல் வெளுப்பு, சோற்றுப் பானை மூடியின் உட்புறம் வியர்ப்பது போன்றது. மழை கண்ணாடியை வெளியிலிருந்து குளிர்விக்கிறது. உள்ளே ஈரத் துணியோடு ஐந்து பேர். ஒரு சின்ன காருக்குள் ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். 25 டிகிரியில் அது தாங்குவது 70 கிராம் நீராவி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மட்டுமே மணிக்கு 30 கிராம் அளவுக்கு வெளியே விடுகிறார். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் 150 கிராம், அதற்குமேல் அம்மாவின் சேலையும் பையன்களின் சட்டையும். கோலாலம்பூர்க் காற்று ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவம், கண்ணாடி என்ன செய்யும்?

ஏர்கோன் இங்கே செய்யும் வேலை குளிர்விப்பது அல்ல, உலர்த்துவது. சொல்லப்போனால் அது பிறந்ததே அதற்குத்தான். நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் வில்லிஸ் கேரியர் 1902-இல் தன் ஏற்பாட்டை வடிவமைத்தார். காரிலும் அதே கதை. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குளிர்ச் சுருள் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும். காற்று அதைத் தாண்டும்போது தன் நீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. நிறுத்தி வைத்த காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுவது அந்த நீர்தான். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் "வெளிக்காற்றை உள்ளே விடு, கண்ணாடி தெளியும்" என்று இருக்கும். அங்கே குளிர்காலத்து வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு, அதனால் பலிக்கும். நம் ஊர் மழை நேரத்தில் 24 டிகிரி வெளிக்காற்று கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீரைச் சுமந்துகொண்டு வருகிறது. அதை அப்படியே உள்ளே விட்டால் பெரிய லாபம் இல்லை. ஏர்கோன் ஓட வேண்டும், காற்று கண்ணாடிக்குப் போக வேண்டும். கார்ப் படத்துக்குள் வளைந்த அம்பு போட்ட பொத்தானை அணைத்து வெளிக்காற்றையும் எடுத்தால், உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறும். விசிறிபோல வளைந்த கண்ணாடியும் மூன்று நெளி அம்புகளும் போட்ட பொத்தான், பல கார்களில் இதையெல்லாம் ஒரே அழுத்தில் செய்துவிடும். குளிருகிறது என்பவர்களுக்குக் காற்றின் திசையை மாற்றலாம், துண்டு கொடுக்கலாம். ஏர்கோனை மட்டும் அடைக்கக் கூடாது.

இரண்டாவது வெளுப்பு, மாமாக் கடைத் தே ஐஸ் கிளாஸ். உள்ளே சில்லென்று இருக்கிறது, வெளிப்புறம் வியர்க்கிறது. நான் குளிரைக் கூட்டிக் கண்ணாடிமேல் வீசிக்கொண்டே வந்ததில், கண்ணாடியே வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கிவிட்டது. மழை விட்டதும் தார் ரோட்டிலிருந்து ஆவி எழும் நேரம் வேறு. இதற்கு மருந்து ஒரு வைப்பர் வீச்சு, அப்புறம் காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்பிவிட்டுக் குளிரைக் கொஞ்சம் குறைப்பது. ஏர்கோன் ஓடட்டும். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் கண்ணாடியின் ஓரத்தில் உள்ளிருந்து விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே.

கண்ணாடி தெளிந்தால் நாம் மற்றவர்களைப் பார்க்கலாம். மற்றவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா? புதிய கார்களில் முன்னால் பகல் விளக்கு தானாக எரிகிறது, டேஷ்போர்டும் பளபளக்கிறது. ஓட்டுபவர் லைட் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார். பல கார்களில் அந்தப் பகல் விளக்கோடு பின் விளக்கு எரியாது. சாம்பல் நிற மழையில் சாம்பல் நிறக் கார், பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லாமல். விளக்குத் திருகைக் கையால் திருப்புங்கள். ஹைபீம் வேண்டாம், அந்த வெளிச்சத்தை மழைத்துளிகள் நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

மழை வலுத்தவுடன் டபள் சிக்னல் போட்டுக்கொண்டு ஓட்டும் நம் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. நான்கு விளக்கும் மினுக்கும்போது அந்தக் கார் எந்த லேனுக்கு மாறப் போகிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் அப்போது சிக்னல் தண்டைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் குழப்பம். அது நின்றுவிட்ட வண்டிக்கான விளக்கு. மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது வேண்டும். அங்கே இடது ஓரத்தில் ஆள் இருப்பார்கள் என்று எண்ணியே ஓட்ட வேண்டியிருக்கிறது.

இனி தண்ணீர் டயருக்கு அடியில் வருகிறது. டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு, நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். அப்படியானால் டயரின் எந்தப் பகுதியும் தரையோடு இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் 6 பங்கு நேரம்தான். ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், 175 மில்லிமீட்டர் அகல டயர் ஒன்று நொடிக்கு 13 லிட்டரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு நொடியும் ஒரு வாளி! அந்த வாளியை வாங்கிக்கொள்வதுதான் டயரில் வெட்டிய பள்ளங்களின் வேலை. மலாயில் இதற்கு 'பூஙா தாயர்' என்று பெயர், டயரின் பூ. பூ உதிர்ந்த டயருக்குத் தண்ணீரை அனுப்ப வழியில்லை. நீர் ஆப்புபோல முன்னால் புகுந்து டயரைத் தூக்கிவிடுகிறது.

எந்த வேகத்தில் தூக்கும்? நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்களை ஆராய்ந்து 1963-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். டயர்க் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவில்) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7-ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டரில் விடை வரும். 32 பி.எஸ்.ஐ.க்கு 94. காற்று குறைந்து 25 ஆகிவிட்டால் 83. வழவழப்பான டயருக்கும் ஆழமாகத் தேங்கிய தண்ணீருக்கும் பொருந்தும் கணக்கு இது. பூ நன்றாக உள்ள டயர் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கும் சின்ன மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம், மாற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது.

டயர் மிதக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும், கையில் ஒன்றுமே இல்லாததுபோல. அந்த நேரம் பிரேக்கை மிதிக்கவோ ஸ்டீயரிங்கை ஒடிக்கவோ கூடாது. எண்ணெய் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டு, டயர் மறுபடி தரையைத் தொடும் வரை காத்திருக்க வேண்டும். அரை நொடியோ ஒரு நொடியோதான், ஆனால் நீளமான நொடி.

டயர் தரையில் இருக்கும்போது பிரேக் வேறு கதை. 90 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த ரோட்டில் ஏறக்குறைய 45 மீட்டரில் நிற்கும் கார், வழுக்கும் ஈர ரோட்டில் 80 மீட்டர் வரை ஓடும். கால் மிதிக்கு வர எடுக்கும் ஒரு நொடியில் போகும் 25 மீட்டர் தனி. பல நாள் வெயிலுக்குப் பின் வரும் மழையின் முதல் சில நிமிடங்களில், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து இன்னும் மோசமாக இருக்கும். 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காரில் பொருத்திய ஏபிஎஸ் இன்று நம் சின்ன கார்களிலும் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் அது பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது, சக்கரம் உருளுவதால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்போது மிதி காலுக்கடியில் கடகடவென்று உதறும். பழைய ஆட்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும்.

கடைசியாக, ரோட்டையே மூடிய தண்ணீர். கோலாலம்பூரில் வெள்ளத்தைத் திருப்பிவிடவே ஸ்மார்ட் என்று 9.7 கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது. அதில் கார் ஓடும் பகுதியை மூடிவிட்டார்கள் என்று வானொலியில் கேட்டால், தாழ்வான ரோடுகளைத் தவிர்ப்பேன். ஒரு டன் எடையுள்ள கார், அகலம் 1.7 மீட்டர், நீளம் 3.9 மீட்டர். அடித்தட்டுக்கு மேல் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஏறினாலே ஏறக்குறைய ஒரு டன் நீரை அது விலக்கும், அதாவது மிதக்கும். அடித்தட்டே தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, முழங்கால் வரைகூட வேண்டாம்.

மிதக்காவிட்டாலும் இஞ்சின் மூச்சுவிடும் குழாய் தண்ணீரைக் குடித்துவிடலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அந்த நீரில் மோதினால் வளைவது அதைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டுதான். தண்ணீருக்குள் அணைந்துபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்வது இதற்காக. நம் வழக்கமான முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் தானாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். பட்டறைக்கு இழுத்துப் போனால் மெக்கானிக் முதலில் சாவியைத் தொடமாட்டார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுற்றுவார். உள்ளே போன தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்.