கரண்ட் வைத்த பிள்ளைக்குப் படிப்பு ஏன் மெதுவாகிறது?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையில் கட்டி என்றால், பலரும் பஸ் ஏறுவது திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான். சிகிச்சை முடிந்து, கொட்டிய முடி முளைத்து, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் வீட்டுக்கு உயிர் வந்த மாதிரி. ஓரிரு ஆண்டுகள் போனபின் பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள்: "கேட்டா பதில் சொல்றான், ஆனா எழுதி முடிக்க மாட்டேங்கிறான்."

சோம்பல் என்று பட்டம் கட்டுவது சுலபம். உண்மையில் அது, நம் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையின் பின்விளைவாக இருக்கலாம்.

சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி, மூளைத் தண்டுவட நீர் வழியே பரவக்கூடியது. அதனால் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கரண்ட் வைத்தால் போதாது. தலை முழுவதும், முதுகுத்தண்டு நெடுகவும் வைக்க வேண்டும். பரவாத கட்டிக்கு இன்றைய வழக்கமான அளவு 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), நாளைக்கு 1.8 வீதம் 13 தடவை. அப்புறம் கட்டி இருந்த இடத்தில் மட்டும் மொத்தம் 54 கிரே அளவுக்கு ஏற்றுவார்கள். தலை அசையாதிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவிட்டு அச்செடுப்பார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும் அந்த முகமூடியை மேஜையோடு பூட்டியபின் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். பிள்ளைக்குப் பயம் அதில்தான். கதிர் படுவது தெரியவே தெரியாது.

கதிர் செல்லின் டி.என்.ஏ.வை அறுக்கிறது. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்கள் அதில் எளிதாகச் சாகும். புற்றுசெல் அந்த ரகம். சிக்கல் என்னவென்றால், வளரும் மூளையிலும் அந்த ரகம் உண்டு. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், புது நரம்பு செல்களை உண்டாக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருக்கின்றன. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றும் செல்களுக்கும் முன்னோடிகள் இருக்கின்றன. உறை சரியாக இருந்தால்தான் செய்தி விரைந்து ஓடும். அந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. அதனால்தான் சிகிச்சையின்போது வயது குறையக் குறையச் சேதம் கூடுகிறது. மூன்று வயதுக்குள் என்றால் கதிர்வீச்சைக் கூடியமட்டும் தள்ளிப்போடுவார்கள்.

2002-இல் மிஷேல் மோஞ்சே, தியோ பால்மர் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது எனக்கு இன்னும் வியப்பு. கதிர் படாத குருத்தணுக்களை, கதிர்பட்ட ஹிப்போகாம்பஸில் கொண்டுபோய் வைத்தார்கள். அவை நரம்பு செல்லாக மாறவில்லை. அதாவது செல் செத்தது மட்டுமல்ல, அங்கே மூண்ட அழற்சி சூழலையே கெடுத்திருந்தது. மறு ஆண்டே, அழற்சியை அடக்கும் இண்டோமெதசின் கொடுத்தபோது எலிகளில் புது நரம்பு செல்கள் ஓரளவு திரும்பின.

ஐ.க்யூ. எண் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதைப் பார்த்து, பிள்ளை படித்ததை மறக்கிறது என்று பெற்றோர் கலங்குவார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. அந்த எண் சமவயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. நாகர்கோவிலிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும் எக்ஸ்பிரஸும், நின்று நின்று போகும் வண்டியும் போல: இரண்டும் முன்னேதான் போகின்றன, இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே வரும். முதலில் அடிவாங்குவது வேகம், கவனம், மனக்கணக்குப் போடும்போது எண்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவு.

அப்படியானால் கரண்டே வேண்டாம் என்பீர்களா? அது அபாயம். சிறு பிள்ளைகளுக்கு 18 கிரே போதுமா என்று அமெரிக்க ஆய்வு ஒன்று பார்த்தது. நோய் திரும்புவதுதான் கூடியது. ரத்தப் புற்றில் கதை வேறு. நோய் மூளைக்குப் பரவாமலிருக்க, 1960-களில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை மூளைக்கு 24 கிரே கொடுக்கத் தொடங்கியபின்தான் குணமாகும் பிள்ளைகள் பெருகினார்கள். பிறகு அளவு 18 ஆனது. கரண்ட் இல்லாமலே, புற்று மருந்துகளும் முதுகில் போடும் மருந்து ஊசியும் போதும் என்று அதே மருத்துவமனை 2009-இல் காட்டியது.

நம் கேரள எல்லைப் பகுதிக்கென்று ஒரு கவலை உண்டு. வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். சொல்வளத்தைச் சோதிக்கும் தேர்வை ஒரு மொழியில் மட்டும் நடத்தினால் இல்லாத குறையும் எழும். பிள்ளைக்கு எந்த மொழியில் படிக்க வருமோ அதில் கேளுங்கள் என்று பெற்றோர் உளவியலாளரிடம் தயங்காமல் சொல்லலாம். கதிர்வீச்சுக்கு முன்பே ஒருமுறை சோதித்து வைத்தால் பின்னால் ஒப்பிட வசதி. காதையும் தைராய்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. கூடக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்து கேட்கும் திறனைக் குறைக்கலாம், கேட்காத பிள்ளையும் வகுப்பில் மந்தமாகத்தான் தெரியும். மாற்றுத்திறன் சான்று கிடைத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். கடைசி மாதத்தில் அலையாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.