போட்டோ பத்திரமாக இருக்கிறது, பெயர்தான் போய்விட்டது

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஒன்பது மணிக்குமேல், கடை ஷட்டரை இறக்கப் போகும்போது சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா அன்று சாயங்காலம் காலமாகிவிட்டார். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் தயாராக வேண்டும். "அண்ணா, அப்பா நல்லா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்துச்சே, நீங்க எடுத்தது, அதைப் போடணும்" என்று சொல்லி ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்தார்.

அந்தப் படம் எனக்கும் நன்றாக நினைவிருந்தது. குடியாத்தத்தில் ஒரு கல்யாணம், மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஆனால் டிஸ்கைத் திறந்தால் ஏறக்குறைய அறுபதாயிரம் படங்கள். 'நியூ போல்டர்', 'நியூ போல்டர் 2', 'மேரேஜ் பைனல்', 'மேரேஜ் பைனல் ஒரிஜினல்', 'மொபைல் பேக்கப் பழசு'. உள்ளே எல்லாம் கேமரா வைத்த எண்கள். நள்ளிரவு வரை இரண்டு பேரும் தேடினோம், கிடைக்கவில்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கித்தான் பேனர் அடித்தோம். எட்டு நாள் கழித்து, 'ஜியோ போன்' என்ற போல்டருக்குள் அந்தச் சிரிப்பு இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக வேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கடைசி ஏழெட்டு வருடமாகப் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்திக் கொடுப்பதும் என் வேலை. வீடுகள், பள்ளிகள், கோயில் கமிட்டிகள் என்று எங்கே போனாலும் ஒன்றையே பார்க்கிறேன். படம் தொலைவதில்லை. படத்தில் இருப்பது யார், எங்கே, எப்போது என்பதுதான் தொலைகிறது. அந்த மூன்றும் இல்லாவிட்டால் அறுபதாயிரம் படத்துக்குள் ஒரு படம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இதற்கென்றே உள்ள மென்பொருள் வகையை டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட் என்கிறார்கள், சுருக்கமாக டாம். பத்திரிகை அலுவலகங்களும் அருங்காட்சியகங்களும் வெகுகாலமாகப் பயன்படுத்துவது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை எழுதி வைப்பார்களே, அந்த வேலைதான். போல்டர் முறையில் ஒரு படம் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அந்தக் குடியாத்தம் படம் 'அப்பா' படம், 'சித்தப்பா மகள் கல்யாணம்' படம், 'குடியாத்தம்' படம், '2013' படம், எல்லாமே. அதை நான்கு போல்டரில் நான்கு நகலாக வைத்தால் இடமும் போகும், குழப்பமும் கூடும். டாம் மென்பொருளில் படம் ஒரே இடத்தில் கிடக்கும், அதன்மேல் எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் போடலாம். 'அப்பா' என்றும் 'குடியாத்தம்' என்றும் தேடினால் இரண்டும் பொருந்தும் படங்கள் மட்டும் வந்து நிற்கும்.

எந்த மென்பொருள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வீட்டுக்கு டிஜிகேம் போதும். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகங்களை அடையாளம் காணும் வசதியும் உண்டு, அது உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே எங்கும் போவதில்லை. தொழில்முறை போட்டோகிராபர்கள் பலர் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் வைத்திருக்கிறோம். பள்ளி, அறக்கட்டளை மாதிரி பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடத்துக்கு ரிசோர்ஸ்ஸ்பேஸ், பிவிகோ போன்றவை உண்டு. சர்வரில் நிறுவி, யார் பார்க்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம் என்று பிரித்துக் கொடுக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். நான் சொல்ல வருவது இதைவிட முக்கியமான வேறொன்று.

எழுதும் பெயர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பாருங்கள்.

பல வருடங்களுக்குமுன் ஒரு இலவச மென்பொருளை நம்பி, ஒரு குடும்பத்தின் நான்காயிரம் படங்களுக்கு உட்கார்ந்து ஆல்பம் பிரித்தேன். அந்த மென்பொருள் நிறுத்தப்பட்டது. கணினி மாற்றியபோது படங்கள் எல்லாம் வந்தன, நான் பிரித்து வைத்திருந்த ஆல்பங்கள் வரவில்லை. அந்த விவரம் படத்துக்குள் இல்லை, மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்தது. மூன்று மாத உழைப்பு போனதைவிட, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்ன அந்த வீட்டுப் பெரியம்மா அதற்குள் போய்விட்டார் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

படக் கோப்புக்குள்ளேயே எழுத்தைப் பதிக்க ஒரு வழி இருக்கிறது. தேதியும் லென்ஸும் கேமராவே எழுதுவது, அது எக்ஸிப். நாம் எழுதும் தலைப்பு, குறிப்பு, குறிச்சொல், எடுத்தவர் பெயர் ஆகியவற்றுக்குச் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து உண்டாக்கிய ஐபிடிசி முறை இருக்கிறது. 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற பொது வடிவம் இன்று அந்த விவரங்களைத் தாங்கி நிற்கிறது. 2012இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. இவற்றில் எழுதினால், மென்பொருள் மாறினாலும் பெயர் படத்தோடு போகும். ஆகவே டிஜிகேமில் அமைப்புகளைத் திறந்து, மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) என்ற பகுதியில், குறிச்சொற்களும் குறிப்பும் முகப் பெயர்களும் கோப்பிலேயே எழுதப்படும்படி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தேர்வு நாமாகப் போட்டால்தான் இயங்கும். போடாமல் விட்டால் எல்லாம் கேட்டலாக் என்ற அதன் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். என் தொழில் நண்பர்களிலேயே பாதிப் பேர் இதைப் பார்த்ததில்லை.

அப்புறம் தமிழில் எழுதுவதில் உள்ள சிக்கல்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, பழைய எழுத்துரு. யூனிகோடு வருவதற்குமுன் பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகள் இன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடலில் சிக்காது. ஒரு பள்ளியின் பழைய படப் பட்டியல் முழுவதும் அப்படி இருந்தது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. பழைய ஐபிடிசி கட்டத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். பைட் என்பது கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தை அளக்கும் அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் 'க' மூன்று பைட், 'கோ' ஆறு பைட், ஏனென்றால் துணைக்குறிக்குத் தனியாக மூன்று. 'ஜலகண்டேஸ்வரர் கோயில்' என்பதற்கே 58 பைட் போய்விடுகிறது. 'ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம்' என்று ஒரே குறிச்சொல்லாகக் கொடுத்தால், அந்தக் கட்டத்தில் அது 'ஜலகண்டேஸ்வரர் கோயில் க' என்று நின்றுவிடும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆனாலும் எந்த மென்பொருள் எந்தக் கட்டத்தைப் படிக்கும் என்று நமக்குத் தெரியாது. கோயிலை ஒரு சொல்லாகவும் மண்டபத்தை இன்னொரு சொல்லாகவும் பிரித்துவிடுங்கள். நீளமாகச் சொல்ல வேண்டியதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது, ஊர்ப் பெயர். ஒரே வீட்டில் அண்ணன் 'குடியாத்தம்' என்று எழுதுவார், தங்கை 'குடியேற்றம்' என்று எழுதுவார். அண்ணன் தேடினால் தங்கை போட்ட படம் வராது. 'வாலாஜா', 'வாலாஜாபேட்டை' என்பதும் அப்படியே. வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உறவுமுறைக்கும் இதே கவனம் வேண்டும். உங்களுக்குச் 'சித்தப்பா' என்பவர் உங்கள் மகனுக்குத் தாத்தா. அதனால் குறிச்சொல்லில் பெயரும் ஊரும் தலைப்பெழுத்தும் இருக்கட்டும், உறவு குறிப்பில் இருக்கட்டும்.

மாவட்டத்தை வைத்துப் படங்களைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்து திருத்தியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்களின் பழைய படங்களில் 'வட ஆற்காடு' என்றுதான் எழுதியிருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. அதன்பின் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூரில் ஒரே தெருவில் ஒரே வீட்டு வாசலில் எடுத்த மூன்று படங்கள் மூன்று மாவட்டப் பெயரில் சிதறிக் கிடக்கும். 'ஆம்பூர்' என்று ஊரை மட்டும் குறிச்சொல்லாக வையுங்கள். படத்தின் பின்பக்கத்தில் 'வ.ஆ. மாவட்டம்' என்று இருந்தால் அதை அப்படியே குறிப்பில் எழுதுங்கள். அந்தப் படம் எந்தக் காலத்தது என்று பின்னால் வருகிறவருக்கு அதுவே சொல்லும்.

காலம் கண்டுபிடிப்பது தனி வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அவருடைய பாட்டி, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில், கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தார். தேதி இல்லை. வீட்டில் எல்லோரும் 1970 வாக்கில் என்றார்கள். ஆனால் அந்தக் கோயில் பல நூறு வருடம் மூலவர் இல்லாமல் கிடந்தது, 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அர்ச்சனைத் தட்டு இருக்கிறதென்றால் படம் அதற்குப் பிந்தியதுதான். '1981 மார்ச்சுக்குப் பிறகு, தோராயம்' என்று எழுதினோம். நிச்சயமாகத் தெரியாத தேதியை நிச்சயம்போல எழுதக் கூடாது. ஸ்கேன் செய்தால் எக்ஸிப்பில் ஸ்கேன் செய்த நாள்தான் விழும், அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாட்டியின் கல்யாணம் போன மாதம் நடந்ததாக வரிசையில் வந்து நிற்கும்.

ஸ்கேன் என்றதும் ஒரு விஷயம். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 26 எம்பி வரும். அதுதான் மூலம், அதைத் தொடாதீர்கள். பகிர்வதற்கு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டின் பின்பக்கம் பால்பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சில் போதும்.

பகிரும்போதுதான் செய்த வேலையெல்லாம் வீணாகிறது. குடும்பக் குழுவில் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கிவிடும், உள்ளே நாம் எழுதிய பெயர்களும் போய்விடும். அதே கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். நிறையப் படங்கள் என்றால் இணைப்பு கொடுப்பது நல்லது. கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றுபவை எல்லாம் இலவசமான 15 ஜிபியில்தான் சேரும், ஜிமெயிலும் டிரைவும் அதே கணக்கில்தான் வரும். அதை ஒரே சேமிப்பிடமாக நம்ப வேண்டாம்.

பொதுவில் போடும் படத்தில் எதிர்மாறாகச் செய்ய வேண்டும். போனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். குழந்தைகள் வீட்டு வாசலில் விளையாடும் படத்தை அந்த விவரத்தோடு வெளியிடக் கூடாது. ஏற்றுமதி செய்யும்போது இடவிவரத்தை நீக்கும் தேர்வு பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. பள்ளிகளுக்குப் போகும்போது இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு படத்துக்கும் 'பெற்றோர் அனுமதி உண்டு', 'அனுமதி இல்லை' என்று ஒரு குறிச்சொல் போடுங்கள். மாணவர் படம் விளம்பரத் தட்டிக்குப் போவதற்குமுன் அதைப் பாருங்கள்.

கல்யாணப் படங்களின் உரிமை பற்றியும் எங்கள் தொழிலில் தெளிவில்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஸ்டுடியோக்காரர் தன் இணையப் பக்கத்தில் மணப்பெண் படத்தைப் போட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நான் அட்வான்ஸ் ரசீதிலேயே அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். வேண்டாம் என்பவர்கள் படத்துக்கு 'வெளியிடக் கூடாது' என்று உரிமைக் கட்டத்தில் எழுதுகிறேன்.

நகல் மூன்று இருக்கட்டும். இரண்டு வேறு வேறு சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, ஹார்ட் டிஸ்கும் ஆல்பமும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். இரண்டுமே நனைந்திருந்தன. சென்னையில் இருக்கும் மகளிடம் ஒரு டிஸ்க் கொடுத்து வையுங்கள், பொங்கலுக்கு வரும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்.

அறுபதாயிரத்தையும் ஒரேயடியாக முடிக்க நினைத்தால் முடியாது. பழையதிலிருந்து, வீட்டிலேயே வயதானவர் இருக்கும் படங்களிலிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், முப்பது படம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரிய திரையில் காட்டி, அவர் சொல்வதைச் சொன்ன மாதிரியே குறிப்பில் தட்டுங்கள். முகம் கண்டுபிடிக்கும் வசதி அண்ணனைத் தம்பி என்று காட்டும், சின்ன வயதுப் படத்தில் தடுமாறும். பாட்டி தடுமாற மாட்டார்.

என் கணினியில் 'யார் இவர்' என்று ஒரு குறிச்சொல் வைத்திருக்கிறேன். பெயர் தெரியாத முகங்கள் எல்லாம், வீட்டார் அனுமதி கொடுத்தவை மட்டும், அதில் இருக்கின்றன. கடைக்கு வயதானவர் யார் வந்தாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அதைத் திறந்து காட்டுகிறேன். போன வாரம் கொசப்பேட்டையிலிருந்து வந்த ஒரு ஐயா, லாங்கு பஜார் ஊர்வலப் படம் ஒன்றில் குடை பிடித்து நிற்பவரைப் பார்த்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "இவரு எங்க தெரு முனையில சைக்கிள் கடை வச்சிருந்தாரு. வாடகை மணிக்கு நாலணா. பேரு வாயில நிக்குது, வர மாட்டேங்குது" என்றார். இப்போதைக்கு 'சைக்கிள் கடைக்காரர், கொசப்பேட்டை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.