நரம்பு வளர ஊசி இருக்காமே டாக்டர்?

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தன் கணவரை அழைத்து வந்தார். மளிகைக் கடைக்காரர். மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம் வெடித்து ரத்தக்கசிவு. கிளிப் போட்டு உயிரைக் காப்பாற்றியிருந்தார்கள். பத்து வருடத்துப் பழைய பாக்கியை மனப்பாடமாகச் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், சாப்பிடாத பூரியைப் பற்றி உருளைக்கிழங்கு மசாலா வரைக்கும் விவரிக்கிறார். "பொய் பொய்யா சொல்றாருங்க" என்று அந்த அம்மா அழுதார்.

பொய் இல்லை. மூளையின் முன்பக்க ரத்தக்குழாய்கள் இரண்டும் இணையும் இடத்தில் கசிந்தால், மறதியின் ஓட்டையை மூளையே கதை கட்டி அடைப்பதுண்டு. அவருக்கு அது கதை என்றே தெரியாது.

அப்புறம்தான் அந்த அம்மா பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தார். 'வளர்ச்சிக் காரணி' ஊசி, பத்து டோஸ். நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார்.

வளர்ச்சிக் காரணி, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதம், கட்டுக்கதை இல்லை. நரம்பு வளர்ச்சிக் காரணி தொடர்பான கண்டுபிடிப்புக்காக ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள். கருவிழிப் படல (கார்னியா) நரம்பு கெட்டுப்போனவர்களுக்கு அது சொட்டு மருந்தாகவே வந்துவிட்டது; அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. கண்ணில் சொட்டலாம், மூளைக்குள் எப்படி அனுப்புவது? கையில் ஏற்றினால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு இவ்வளவு பெரிய புரதத்தை உள்ளே விடாது. சரி, நேரே மூளைக்குள் செலுத்தினால்? 1990களில் ஸ்வீடனில் அல்சைமர் நோயாளிகள் மூவருக்குச் செய்து பார்த்தார்கள். முதுகுவலியும் எடைக்குறைவும்தான் மிச்சம். பிறகு அதன் மரபணுவை வைரஸில் ஏற்றி மூளையில் வைத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2018இல் வந்தது: பெரிய ஆபத்தில்லை, நினைவாற்றலில் பலனும் இல்லை.

பன்றி மூளைப் புரதத்திலிருந்து எடுக்கும் செரிப்ரோலைசினை நம் ஊரிலும் நிறைய எழுதித் தருகிறார்கள். ரத்தக்கசிவுக்குப் பிந்தைய மறதிக்கு அது உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இப்படி எழுதினால் சக மருத்துவர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு அவரை நடக்கச் சொன்னேன். தரையில் காந்தம் இழுப்பதுபோலக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். சிறுநீர்? "ஒரு மாசமா வேட்டியிலேயே போயிடுதுங்க. ஆபரேஷன் பண்ண உடம்புன்னு விட்டுட்டேன்."

மறதி, இந்த நடை, சிறுநீர் அடங்காமை. மூன்றும் சேர்ந்தால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கசிந்த ரத்தம் நீர் வடியும் பாதையைக் கெடுத்துவிடுவதால், வீட்டுக்குப் போய் வாரங்கள், மாதங்கள் ஆனபிறகும் இது வரலாம். ஸ்கேனில் அப்படித்தான் இருந்தது. நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்தோம். நடை தேறியது, சிறுநீர் அடங்கியது, மறதி ஓரளவு குறைந்தது.

எல்லோருக்கும் இது இருக்காது. ஆனால் சோடியம், தைராய்டு, பி12, பிட்யூட்டரி ஹார்மோன்கள், வெளியே தெரியாத வலிப்பு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் எத்தனையோ உண்டு. ஊசிக்குப் பணம் புரட்டும் முன் இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 'ஆராய்ச்சி' என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது முறையல்ல.

போன வாரம் அவர் வந்திருந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். நாங்கள் எழுதப் பழக்கிய சின்ன நோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பக்கத்தைத் தேடிப் பிடித்து, "உப்புமா" என்றார்.