ரேடான் அளக்கும் ஆய்வகங்களுக்கு ஜெர்மனி வைக்கும் சோதனை

ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம், மண்ணிலிருந்து கட்டடங்களுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கு வழிகாட்டு அளவாக ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 300 பெக்கெரலை (கதிரியக்கத்தின் அலகு; நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) வைத்திருக்கிறது. மாநிலங்கள் 'ரேடான் முன்னெச்சரிக்கைப் பகுதி' என்று அறிவித்த இடங்களில், தரைத்தளத்திலோ நிலவறையிலோ ஆட்கள் வேலை செய்தால், முதலாளி 12 மாதம் அளந்தாக வேண்டும். அளவு மீறினால் குறைக்க நடவடிக்கை எடுப்பதும் அவர் பொறுப்பே.

இந்த அளவீட்டுக்கு டிடெக்டரை, அதாவது ரேடானைப் பதிவு செய்யும் சிறு கருவியை, விருப்பம்போல் எங்கும் வாங்க முடியாது. கூட்டாட்சிக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் அங்கீகரித்த நிலையத்திடமிருந்தே, அதாவது ஆய்வகத்திடமிருந்தே, பெற வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின் 155ஆம் பிரிவு அங்கீகாரத்துக்கு நான்கு நிபந்தனைகள் சொல்கிறது: தகுந்த டிடெக்டர், அதைப் படித்தறியும் கருவியும் முறையும், தர உறுதி ஏற்பாடு, அலுவலகம் நடத்தும் தரச் சோதனைகளில் பங்கேற்பு. நான்காவதுதான் மற்ற மூன்றும் உண்மையா என்று காட்டிக்கொடுப்பது.

சோதனை ஆண்டுதோறும் நடக்கிறது. ஆய்வகங்கள் தங்கள் டிடெக்டர்களை அனுப்புகின்றன. பெர்லினில் உள்ள அளவுத்திருத்த ஆய்வகத்தில், செறிவு துல்லியமாகத் தெரிந்த ரேடான் அறைக்குள் அவற்றைக் குழு குழுவாக வைக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு அளவு. டிடெக்டர் பதிவு செய்வது செறிவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையை. 300 பெக்கெரலில் ஓராண்டு, அதாவது 8,760 மணி நேரம் இருந்தால் 2,628 கிலோபெக்கெரல் மணி. செறிவை 10,000 பெக்கெரலாக உயர்த்தினால் அதே தொகை 11 நாளில் சேர்ந்துவிடும். பிறகு டிடெக்டர்கள் திரும்பிப் போகின்றன. உண்மை மதிப்பு தெரியாமலேயே ஆய்வகம் தன் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும்.

முடிவில் இரண்டு பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே அளவு பெற்ற டிடெக்டர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது சிதறல். பல டிடெக்டர்களின் சராசரி அதைக் குறைக்கும். எல்லாமே ஒரே பக்கம் சாய்வது அதைவிட ஆபத்து. ஆய்வகம் 15 சதவீதம் குறைத்துக் காட்டினால், 340 பெக்கெரல் உள்ள அறை 289 என்று அறிக்கையில் வரும். எத்தனை டிடெக்டர் வைத்தாலும் அது சரியாகாது. தொழிலாளர்கள் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருப்பார்கள்.

சாய்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான டிடெக்டர்களில் இருப்பது சி.ஆர். 39 என்ற சிறு பிளாஸ்டிக் துண்டு. ரேடான் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள் அதில் தடம் பதிக்கும். சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்தெடுத்தால் தடம் நுண்ணோக்கியில் தெரியும். கரைசலின் வெப்பமோ அடர்த்தியோ மாறினால் தடத்தின் அளவு மாறி, எண்ணும் மென்பொருள் சிலவற்றைத் தவறவிடும். புதிய பிளாஸ்டிக் தொகுதிக்குப் பழைய அளவுத்திருத்த எண்ணையே (தடங்களின் எண்ணிக்கையை ரேடான் அளவாக மாற்றும் எண்) பயன்படுத்துவது இன்னொரு காரணம். மிக அதிக அளவில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எண்ணிக்கை குறையும். மிகக் குறைந்த அளவிலோ பிளாஸ்டிக்கில் முன்பே இருக்கும் பின்னணித் தடங்களும், அஞ்சல் வழியில் பட்ட ரேடானும் கணக்கைக் கூட்டிவிடும். இதைக் கழிக்கவே, அறைக்குள் வைக்காத சில டிடெக்டர்களும் கூடவே பயணிக்கின்றன.

டிடெக்டரை எங்கே வைத்தார்கள் என்பதை இந்தச் சோதனை பார்ப்பதில்லை. ஜன்னலோரம், ஹீட்டர் அருகில், மூடிய அலமாரிக்குள் வைத்தால் நல்ல ஆய்வகமும் தவறான எண்ணையே தரும். ஆர்டர் செய்யும் முன் நிலையத்தின் பெயர் அலுவலகம் வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஒப்பீட்டுச் சோதனையில் அவர்களுக்கு எவ்வளவு சாய்வு வந்தது என்றும் கேளுங்கள். டிடெக்டர் வந்ததும் தாமதிக்காமல் அறையில் வையுங்கள், வைத்த தேதியையும் எடுத்த தேதியையும் குறித்து, எடுத்தவுடன் திருப்பி அனுப்புங்கள்.