களையைத் தாங்கும் ரகம் வேறு, அமுக்கும் ரகம் வேறு

களை மண்டிய பாத்தியிலும் மகசூல் குறையவில்லை என்றால், அந்த ரகத்துக்குக் களைப் போட்டித்திறன் இருப்பதாகக் குறித்துவிடுகிறோம். பிசகு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது வெறும் தாங்குதிறனாகவும் இருக்கலாம். பயிர் தப்பித்துக்கொள்ளும், களையும் செழித்து விதை உதிர்த்துவிட்டுப் போகும். அடுத்த பருவத்தில் அதே மண்ணில் இன்னும் அடர்த்தியாக முளைக்கும். நமக்கு வேண்டியது களையை அமுக்கும் ரகம். அதைக் கண்டுபிடிக்கத் தானியத்தோடு களையையும் அறுத்து எடை போட வேண்டும்.

1966-ல் வெளிவந்த ஐஆர்8 நெல்லும் அதே காலத்துக் குட்டைக் கோதுமைகளும் சாயாமல் நின்று உரத்தை மகசூலாக மாற்றின. ஆனால் குட்டைத் தண்டும் நிமிர்ந்த இலையும் களைக்கு வெளிச்சத்தைத் திறந்துவிட்டன. கோதுமையில் இன்னொரு கோளாறும் உண்டு. ஆர்எச்டி-பி1பி, ஆர்எச்டி-டி1பி குட்டை மரபணுக்கள் தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் ஊக்கியின் வேலையை மந்தமாக்குவதால், தண்டோடு சேர்ந்து, மண்ணைத் துளைத்து வரும் முளைக்குருத்தின் உறையும் குட்டையாகிறது. ஆழமாக விழுந்த விதை தாமதமாகத்தான் தலைகாட்டும். கூடவே முளைத்த களை அதற்குள் முந்திவிடும். ஆர்எச்டி8, ஆர்எச்டி18 போன்றவை ஜிப்ரெலினுக்குப் பயிர் செவிசாய்ப்பதைக் கெடுக்காமல் உயரத்தைக் குறைப்பதால், உறை அவ்வளவாகக் குட்டையாவதில்லை.

உயரத்தைவிட நான் அதிகம் நம்புவது இளம்பருவ வீரியத்தை. அகன்ற முதல் இலைகள், விரைந்த தூர்கட்டல், தரையைச் சீக்கிரம் மூடும் வேகம் ஆகியவைதான் அது. ஆப்பிரிக்க நெல்லின் தொங்கும் மெல்லிய இலைகள் இதில் கெட்டி. கூடவே சாய்வதும் மணி உதிர்வதும் வரும் என்பதால், கலப்பு செய்தபின் அவற்றைக் கழிக்கவே பல தலைமுறைகள் போகும்.

நூற்றுக்கணக்கான வழித்தோன்றல்களைக் களையோடு வளர்த்துப் பார்ப்பது வீண்வேலை. இயல்பாக வரும் களை திட்டுத்திட்டாக முளைக்கும், ரக வேறுபாடு அதில் புதைந்துபோகும். முதற்கட்டத்தில் களையில்லாப் பாத்தியில், விதைத்த 2, 4 வாரங்களில் வீரியத்துக்கு மதிப்பெண் போட்டுக் கழித்தாலே போதும். மிஞ்சும் இருபது முப்பதை மட்டும் களையுள்ள, களையற்ற ஜோடிப் பாத்திகளில் வைக்கலாம். களைவிதையை எடைபோட்டுச் சீராகத் தூவ வேண்டும். பூக்கும் தருணத்தில் 50 × 50 செ.மீ. சட்டத்துக்குள் உள்ள களையை அறுத்து, 70 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். ஓரவரிசைகளை விட்டுவிடுங்கள், பக்கத்துப் பாத்தியின் நெட்டை ரகம் அங்கே நிழல் தட்டியிருக்கும்.

வேர் வழியாக நச்சுப்பொருள் விட்டுக் களையை ஒடுக்கும் குணமும் உண்டு: நெல்லில் மோமிலாக்டோன், சோளத்தில் சோர்கோலியோன். ஆய்வகத் தட்டில் பிரமாதமாகத் தெரியும். வயலில் அதை நிழலின் வேலையிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

அடிக்கடி ஏமாற்றுவது விதைதான். ஒரு ரகத்தின் விதை போன பருவத்தது, இன்னொன்று மூன்று வருடப் பழசு என்றால், நீங்கள் அளப்பது மரபணுவை அல்ல, விதையின் வயதை. பெருத்த மணியும் அப்படித்தான், நாற்றை முதலில் தூக்கிக் காட்டும். எல்லா ரகத்தையும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் பெருக்கி, சல்லடையில் ஒரே அளவாகச் சலித்து, முளைப்புத்திறன் பார்த்து விதையளவைச் சரிக்கட்டிய பிறகே சோதனையை விதைக்க வேண்டும்.