நூதனசாலையில் நூதனம் எங்கே?

ஆங்கிலத்தில் ‘ஆர்ட் மியூசியம்’ எனப்படும் பாரிஸின் லூவர், தமிழில் ஒரு ‘சித்திர நூதனசாலை’யாம். வன்னியில் ரியூசன் வகுப்புகளில் கைமாறும் பொது அறிவுக் குறிப்பொன்றில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பிள்ளைகளும் அதையே பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். இரண்டு சொல், இரண்டுமே பிழை.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மியூசியம் கிரேக்கத்து ‘மூசையோன்’ வழி வந்தது. கலைகளுக்கும் கல்விக்கும் உரிய மூசாக்கள் என்ற ஒன்பது பெண் தெய்வங்களின் இடம் என்று பொருள். அலெக்சாந்திரியாவில் இருந்த மூசையோன் அறிஞர்கள் தங்கி ஆராய்ந்த இடம். பொருள்களை அடுக்கி ஊருக்குக் காட்டும் இடம் என்ற பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

இனி நூதனம். நூதனம் என்றால் புதுமை. ‘நூதனமான முறையில் நகை திருட்டு’ என்று பேப்பரில் வந்தால், கள்ளன் புது வழி கண்டுபிடித்திருக்கிறான் என்றுதான் விளங்கிக்கொள்கிறோம். கொழும்பு மியூசியத்தில் இருப்பவை பொலன்னறுவையில் எடுத்த நடராசர் வெண்கலச் சிலையும், சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் பொறித்த 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டும். இவற்றில் எது நூதனம்? வியப்பு, அபூர்வம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு இருந்தது என்று வாதாடுவோர் உண்டு. இருந்திருக்கட்டும். சிங்களத்தில் ‘கௌதுகாகாரய’ என்கிறார்கள். கௌதுகம் என்றால் ஆவல், வியப்பு. அங்கே பொருள் பொருந்துகிறது. நூதனத்தில் அந்தப் பொருள் எப்போதோ உலர்ந்துவிட்டது. நேரே தமிழாக்கினால் ‘புதினசாலை’ என்றுதான் வரும். ஊர்ப் புதினம் கேட்க எங்களுக்கு சலூன் இருக்கிறது.

‘சித்திர’ இன்னும் மோசம். பாடசாலையில் சித்திரம் ஒரு பாடம் என்பதால், ஆங்கிலத்தில் ‘ஆர்ட்’ என்று கண்ட இடமெல்லாம் சித்திரம் என்று போட்டுவிடுகிறார்கள். லூவரில் மோனாலிசா மட்டுமா இருக்கிறது? ஹமுராபியின் சட்டம் பொறித்த கல் இருக்கிறது, கையில்லாத வீனஸ் சிலை இருக்கிறது. இவற்றையெல்லாம் யார் பென்சிலால் வரைந்தது?

சரி, அதற்குப் பதில் ‘கலைக்கூடம்’ என்று சொன்னால் என்ன? எங்களுக்குக் கூடம் என்பது வேலை நடக்கும் இடம். ஆய்வுகூடம், சமையற்கூடம், பள்ளிக்கூடம் எல்லாமே அப்படித்தான். கலைக்கூடம் என்றால் சிற்பி உளி பிடிக்கும் இடம், பிள்ளைகள் நடனம் பழகும் இடம். தமிழ்நாட்டாரின் ‘அருங்காட்சியகம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் அருமை போய்க் காட்சியோடு ஒட்டிக்கொண்டது, பொருளைக் காணவில்லை. பொருளைச் சேர்த்துக் காப்பதுதானே முதல் வேலை? இல்லாவிட்டால் இரண்டு நாளில் பந்தல் பிரிக்கும் கண்காட்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய சென்னைச் சனம் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகங்கள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’. எந்தச் சொல்லாக்கக் குழுவும் இவ்வளவு தெளிவாக ஒரு சொல் செய்ததில்லை.)

அரும்பொருளும் வேண்டும், காட்சியும் வேண்டும். காட்சி ஏன் என்றால், லூவரின் கதையே அதுதான். அரசர்கள் தமக்கென்று சேர்த்து வைத்திருந்ததை 1793 ஆகஸ்ட் 10இல் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரரின் நாட்காட்டியில் வாரத்துக்குப் பத்து நாள். அதில் மூன்று நாள் யாரும் காசில்லாமல் போய்ப் பார்க்கலாம். கொழும்பில் தேசாதிபதி கிறகரி கட்டுவித்தது 1877 ஜனவரி 1இல் திறந்தது. பொதுச்சனம் பார்க்க வராத இடத்தைப் பண்டகசாலை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெகிவளைக்குச் சுற்றுலா போன எந்த வன்னிப் பிள்ளையையும் கேளுங்கள், ‘மிருகக்காட்சிச்சாலை’ என்று ஒரே மூச்சில் சொல்லும். அதே அச்சில் ‘அரும்பொருட்காட்சிச்சாலை’, ‘கலைப்பொருட்காட்சிச்சாலை’ என்று வார்த்துக்கொள்ளலாம். பாடசாலை, வைத்தியசாலை என்று சாலை எங்களுக்குப் பழகிய வீடு. தெரு என்று யாரும் மயங்கப்போவதில்லை. நீளம் என்பார்கள். பஸ்ஸில் மியூசியம் என்றே சொல்லுங்கள், யார் தடுத்தது? பாடக்குறிப்பிலும் பெயர்ப்பலகையிலும் ஒழுங்காக எழுதினால் போதும்.

பெயரைத் தாராளமாக அள்ளி வீசுவதிலும் எனக்குக் குறை உண்டு. போருக்குப் பின் புதுக்குடியிருப்பில், புலிகளிடம் இராணுவம் கைப்பற்றிய படகுகளை வரிசையாக வைத்து, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்த இடத்துக்கும் மியூசியம் என்றுதான் பெயர். கற்சிலைமடுவில், வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803இல் ஆங்கிலேயரிடம் தோற்ற செய்தி சொல்லும் நடுகல் அரும்பொருள்தான், அதற்கு ஒரு சாலையும் இல்லை.

அந்த ரியூசன் குறிப்பில், மியூசியப் பொருள்களுக்குப் பொறுப்பான ‘கியூரேற்றர்’ என்பவரைப் ‘பராமரிப்பாளர்’ ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பராமரிப்பாளர் என்றால் வளவில் புல்லுச் செருக்குகிறவர். காப்பாட்சியர் என்று நல்ல சொல் இருப்பது அந்த மொழிபெயர்ப்பாளருக்கு யாராவது சொல்லுங்கள்.